அளவறிந்து திருகு

பாடத்திற்குள் செல்லுமுன்

மாணவர்களே! மிதிவண்டி, மின்விசிறி, தண்ணீர் இறைக்கும் மோட்டார், தந்தையார் ஓட்டும் இருசக்கர வண்டி, நாம் ஊருக்குச் செல்லும் இரயில் என யாவற்றையும் பிரிந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பவை நட்டும் போல்ட்டும் ஆகும். அவற்றை இறுக்கவும் தளர்த்தவும் பயன்படும் கருவிகளுள் ஒன்று சாக்கெட். பார்ப்பதற்குச் சிறு இரும்புக் கிண்ணம் போன்றது. ஆயினும் தவறான சாக்கெட்டைப் பொருத்தித் திருகினால் என்ன நேரும்? சரியானதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

1. ஒரு நட்டும் ஒரு பயணமும்

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டோம். அப்போது நான் மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றி வந்தேன். இட்டார்சி நிலையத்தில் சென்னை செல்லும் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியைப் பிடிக்க வேண்டும். பயணச்சீட்டை வெகு நாள்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தோம். ஆண்டுக்கு ஒருமுறை செல்லும் பயணம் அது. அதன் அருமை உங்களுக்கும் தெரியும்.

பாதி வழியில் காரின் பின்சக்கரம் காற்றிழந்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது. வண்டியைத் தூக்கும் ஜாக்கியும் இருந்தது. ஆனால், சக்கர நட்டைக் கழற்றும் ஸ்பேனர் இல்லை. பழைய காரை வாங்கியபோது அது உள்ளதா என்று நான் பார்க்கவில்லை. அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இரங்கி வண்டியை நிறுத்தித் தம் கருவிப்பெட்டியைக் கொடுத்தார். எங்கள் காரின் நட்டுக்கு 19 மி.மீ. சாக்கெட் வேண்டும். பெட்டியில் அது இல்லை, 21 மி.மீ. இருந்தது. "இது பெரியது, பொருந்தாது" என்று அவர் இந்தியில் எச்சரித்தார். நானோ நேரத்தை எண்ணி, "ஏறக்குறையப் பொருந்துகிறதே" என்று கூறி, நட்டின்மீது துணியைச் சுற்றி, சாக்கெட்டை மாட்டி முழுப் பலத்துடன் அழுத்தினேன்.

சாக்கெட் நழுவியது. என் கைம்முட்டிகள் தார்ச்சாலையில் உரசிக் குருதி கசிந்தது. மீண்டும் இருமுறை முயன்றேன். பின்னர்ப் பார்த்தால், நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி, அது ஏறத்தாழ உருண்டையாகிவிட்டது. இனிச் சரியான 19 மி.மீ. சாக்கெட்டே கிடைத்தாலும் அதனைப் பிடிக்க இயலாது.

லாரி ஓட்டுநர் தொலைபேசியில் அழைக்க, அருகிலிருந்த பட்டறையிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டதும், "சார், தமிழா?" என்று முகம் மலர்ந்தார். நாமக்கல் பகுதியிலிருந்து வந்து, நெடுஞ்சாலையோரம் லாரிப் பட்டறை நடத்துபவர் அவர். உட்புறம் முறுக்கு வரிகள் கொண்ட, மழுங்கிய நட்டைக் கழற்றுவதற்கென்றே அமைந்த சாக்கெட் ஒன்றை நட்டின்மேல் சுத்தியலால் அடித்து இறக்கிக் கழற்றினார். வேலை முடிந்து இட்டார்சியை அடைந்தபோது வண்டி சென்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் நன்றாக இருக்கிறீர்கள் அல்லவா? அது போதும்" என்றார்.

விடுமுறை முடிந்து திரும்பியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மெக்கானிக்கின் பட்டறைக்குச் சென்றேன். அங்கே அவரிடம் கற்றவையே இப்பாடத்தின் பெரும்பகுதி.

2. சாக்கெட்டின் உறுப்புகள்

சாக்கெட்டுக்கு இரண்டு வாய்கள் உண்டு. ஒருபுற வாய் நட்டின் தலையைக் கவ்வும். அது பெரும்பாலும் அறுகோண வடிவினது. மறுபுற வாய் சதுரத் துளை. கைப்பிடியின் நுனியிலுள்ள சதுரக் கட்டை இத்துளைக்குள் நுழையும். ஒரே கைப்பிடியில் பல சாக்கெட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தலாம் என்பதே இக்கருவியின் சிறப்பு. ரேட்செட் என்னும் கைப்பிடி ஒரு திசையில் மட்டும் நட்டைத் திருப்பும். மறுதிசையில் 'கிர், கிர்' என்ற ஒலியுடன் சும்மா திரும்பும். ஆதலால், இடம் குறைந்த மூலையிலும் கையை எடுக்காமலே திருகலாம்.

வட இந்தியப் பட்டறைகளில் ஸ்பேனரைப் 'பானா' என்றும் சாக்கெட்டைக் 'கோட்டி' என்றும் அழைப்பதை நீங்கள் கேட்டிருக்கலாம். பெயர் எதுவாயினும், தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து.

3. முதற் கேள்வி: அளவு சரியா?

சாக்கெட்டின் பக்கத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது நட்டின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையேயுள்ள தொலைவைக் குறிக்கும். போல்ட்டின் தடிமனை அது குறிப்பதில்லை. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்பவர் பலர். எடுத்துக்காட்டாக, எம்8 என்னும் போல்ட்டின் தண்டு 8 மி.மீ. தடிமன் உடையது, அதன் தலைக்கோ பொதுவாக 13 மி.மீ. சாக்கெட் வேண்டும். பொதுவான அளவுகள் வருமாறு:

எம்5 போல்ட்டு – 8 மி.மீ. சாக்கெட்
எம்6 போல்ட்டு – 10 மி.மீ. சாக்கெட்
எம்8 போல்ட்டு – 13 மி.மீ. சாக்கெட்
எம்10 போல்ட்டு – 16 அல்லது 17 மி.மீ. சாக்கெட்
எம்12 போல்ட்டு – 18 அல்லது 19 மி.மீ. சாக்கெட்
எம்16 போல்ட்டு – 24 மி.மீ. சாக்கெட்

சில வரிகளில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். பழைய ஜெர்மானியத் தர அளவுக்கும் இன்றைய பன்னாட்டுத் தர அளவுக்கும் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம். ஜப்பானிய முறையில் அமைந்த வண்டிகளில் எம்8 போல்ட்டுக்கு 12 மி.மீ. தலையும், எம்10 போல்ட்டுக்கு 14 மி.மீ. தலையும் இருப்பதுண்டு. ஆகவே, போல்ட்டின் பெயரை மட்டும் கேட்டுச் சாக்கெட்டை எடுத்தல் கூடாது. தலையை அளந்து பார்த்தே எடுத்தல் வேண்டும்.

அங்குல அளவில் அமைந்த நட்டுகளும் உள்ளன. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. ஆகும். அதன்மேல் 13 மி.மீ. சாக்கெட்டை மாட்டினால் மாட்டும். ஆனால், இடையில் 0.3 மி.மீ. தளர்வு இருக்கும். துருப்பிடித்து இறுகிய நட்டில் அத்தளர்வே முனைகளைத் தேய்த்துவிடும். முக்கால் அங்குலமோ 19.05 மி.மீ.; 19 மி.மீ.க்கு மிக அருகில் உள்ளது. எனவே, சில அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. சில அவ்வாறு அல்ல. எவை நெருங்கியவை என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதை நினைவிற் கொண்டால் இக்கணக்கு எளிது.

சென்னைத் திருவொற்றியூரில் உருவாகி நாடெங்கும் ஓடிய பழைய புல்லட் வண்டிகளில் பிரித்தானிய அளவு நட்டுகளைக் காணலாம். 1841ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் மரைகளுக்கான பொதுத் தர அளவை முன்மொழிந்தார். அதற்குமுன் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படியே மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு மற்றொன்றின் போல்ட்டில் ஏறாது. விட்வொர்த் அளவில் ஸ்பேனரின் எண் தலையைக் குறிப்பதில்லை. தண்டின் தடிமனைக் குறிக்கும். 'கால் அங்குலம்' என்று எழுதிய பழைய விட்வொர்த் ஸ்பேனரின் வாய் உண்மையில் ஏறத்தாழ 13.3 மி.மீ. இருக்கும்! இதனை அறியாதவர் பழைய வண்டியைத் தொட்டால், நட்டு மழுங்குவது உறுதி.

இனி, என் தவற்றுக்கு வருவோம். தட்டைப் பக்கங்களுக்கு இடையே 19 மி.மீ. உள்ள நட்டின் எதிரெதிர் முனைகளுக்கு இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ 21.9 மி.மீ. ஆகும். எனவே, 21 மி.மீ. சாக்கெட் அதன்மேல் ஏறியபோது, தட்டைப் பக்கங்கள் எதையும் தொடவில்லை; முனைகளின் நுனி மட்டுமே பட்டது. என் முழுப் பலமும் அந்நுனிகளின்மேல் விழுந்து அவற்றைச் சீவிவிட்டது.

4. இரண்டாம் கேள்வி: ஆறு முனையா, பன்னிரண்டு முனையா?

சாக்கெட்டின் வாயை உற்றுப் பாருங்கள். சிலவற்றில் ஆறு முனைகள் இருக்கும். சிலவற்றில் பன்னிரண்டு முனைகள் இருக்கும். பன்னிரண்டு முனைச் சாக்கெட்டை 30 பாகை திருப்பினாலே அடுத்த நிலையில் மாட்டலாம். ஆறு முனைச் சாக்கெட்டை 60 பாகை திருப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையால் தடவி மாட்டும்போது பன்னிரண்டு முனை எளிதாக இருக்கும்.

ஆயினும், ஆறு முனைச் சாக்கெட்டின் சுவர் நட்டின் தட்டைப் பக்கத்தை அகலமாக அணைத்துப் பிடிக்கும். பன்னிரண்டு முனைச் சாக்கெட்டோ நட்டின் முனைக்கு அருகில் சிறிதளவே பற்றும். எனவே, இறுகிய நட்டு, துருப்பிடித்த நட்டு, ஏற்கெனவே சற்று மழுங்கிய நட்டு ஆகியவற்றுக்கு ஆறு முனையே ஏற்றது. நான் அன்று பயன்படுத்தியது பன்னிரண்டு முனைச் சாக்கெட். அளவும் தவறு, வகையும் தவறு.

எல்லா நட்டும் அறுகோணம் அல்ல என்பதையும் அறிக. விண்மீன் வடிவில் ஆறு இதழ்கள் கொண்ட டார்க்ஸ் என்னும் அமைப்பு 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாயிற்று. இன்றைய கார்களில் அது மிகுதி. அதற்குரிய சாக்கெட் தனி. விண்மீன் துளைக்குள் அறுகோணக் கட்டையை நுழைத்தால் நுழையலாம். திருகினால் துளை கெடும்.

5. மூன்றாம் கேள்வி: ஆழம் போதுமா?

சாக்கெட்டுகளில் குட்டையானவையும் ஆழமானவையும் உண்டு. சில இடங்களில் போல்ட்டின் தண்டு நட்டைக் கடந்து வெளியே நீண்டிருக்கும். அங்கே குட்டைச் சாக்கெட்டை மாட்டினால், தண்டின் நுனி சாக்கெட்டின் அடியில் முட்டும். சாக்கெட் நட்டின்மேல் முழுமையாக இறங்காது. மேற்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு திருகினால் நழுவும். இத்தகைய இடத்திற்கு ஆழமான சாக்கெட் வேண்டும்.

இருசக்கர வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவும் ஆழமான சாக்கெட்டே தேவை. பிளக்கின் மேற்பகுதி வெண்பீங்கானால் ஆனது. சாக்கெட் சாய்ந்தால் பீங்கான் விரிசல் காணும். அதனாலேயே பிளக் சாக்கெட்டின் உள்ளே ரப்பர் வளையம் ஒன்று அமைந்து, பிளக்கை நேராகப் பிடித்துக்கொள்கிறது.

அவ்வாறாயின் எப்போதும் ஆழமானதையே பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். உயரம் மிகுந்தால் சாயும் வாய்ப்பும் மிகும்; குறுகிய இடத்தில் நுழையவும் நுழையாது. தேவையான இடத்தில் மட்டுமே ஆழமான சாக்கெட் ஏற்றது.

6. நான்காம் கேள்வி: சதுரத் துளை எவ்வளவு பெரியது?

சாக்கெட்டின் மறுபுறத்திலுள்ள சதுரத் துளையின் அளவை, உலகெங்கும் அங்குலத்திலேயே குறிப்பிடுவது வழக்கம். மில்லிமீட்டர் சாக்கெட்டுக்கும் அவ்வழக்கமே. கால் அங்குலச் சதுரம் சிறு போல்ட்டுகளுக்கு உரியது. 3/8 அங்குலம் நடுத்தர வேலைகளுக்கு உரியது. கார்ச் சக்கரத்திற்கு அரை அங்குலம் வேண்டும். முக்கால் அங்குலமும் ஓர் அங்குலமும் லாரி, பேருந்து போன்ற கனரக வண்டிகளுக்கு உரியவை.

இவ்வேறுபாடு எதற்காக? நட்டைத் திருப்பும் ஆற்றலைத் திருப்புவிசை என்பர். நாம் கொடுக்கும் விசையைக் கைப்பிடியின் நீளத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். அதன் அலகு நியூட்டன் மீட்டர். ஒரு சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் தேவை எனக் கொள்வோம். கைப்பிடி 25 செ.மீ. நீளமாயின், 400 நியூட்டன் விசை வேண்டும். அஃதாவது 40 கிலோ எடையைத் தூக்குவதற்கு நிகர். கைப்பிடி 50 செ.மீ. நீளமாயின் 200 நியூட்டன் போதும். 20 கிலோ எடைக்கு நிகர். நீளம் இரட்டித்தால் உழைப்பு பாதியாகிறது.

ஆனால், அவ்வளவு திருப்புவிசையும் அச்சிறு சதுரக் கட்டையின் வழியாகவே செல்கிறது. கால் அங்குலக் கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகி அழுத்தினால் கட்டை முறிந்துவிடும். அழுத்தியவர் நிலைதடுமாறி விழுவார். இறுகிய நட்டைத் தளர்த்த ரேட்செட்டும் ஏற்றதன்று. அதன் உட்பற்கள் உடையும். பற்கள் இல்லாத நீண்ட கம்பிக் கைப்பிடியால் முதலில் தளர்த்திவிட்டு, பின்னர் ரேட்செட்டால் விரைந்து கழற்றுதலே முறை.

7. ஐந்தாம் கேள்வி: கையாலா, எந்திரத்தாலா?

இக்கேள்வி கண்ணைக் காப்பது. பஞ்சர் கடைகளில் 'தடதட' என்ற ஒலியுடன் நட்டைக் கழற்றும் எந்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனை இம்பாக்ட் கன் என்பர். அது நொடிக்குப் பல முறை சம்மட்டியால் அடிப்பது போன்ற அதிர்ச்சியைச் சாக்கெட்டுக்குக் கொடுக்கிறது.

கைவேலைக்கான சாக்கெட்டுகள் பெரும்பாலும் குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகால் ஆனவை. அவற்றின்மீது பளபளக்கும் குரோமியப் பூச்சு இருக்கும். சுவர் மெல்லியது, எஃகு கடினமானது. கடினமான பொருள் தேய்மானத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. இதனை எந்திரத்தில் மாட்டினால், பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து தெறிக்கலாம். சாக்கெட்டே வெடித்துத் துண்டாகலாம். அத்துண்டு எங்கே பாயும் என்று எவராலும் கூற இயலாது.

எந்திரத்திற்கான சாக்கெட்டுகள் பெரும்பாலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகால் ஆனவை. சுவர் தடித்திருக்கும். நிறம் கருமையாக இருக்கும். அவை அதிர்ச்சியை ஏற்றுச் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். கழன்று பறக்காமல் இருக்க, பக்கவாட்டுத் துளையில் ஊசியும் ரப்பர் வளையமும் பொருத்த வழி இருக்கும். கருஞ்சாக்கெட்டைக் கையாலும் பயன்படுத்தலாம். பளபளக்கும் சாக்கெட்டை எந்திரத்தில் ஒருபோதும் பயன்படுத்துதல் கூடாது. எதனைப் பயன்படுத்தினும் கண்ணாடிக் கவசம் அணிதல் வேண்டும்.

நான் சென்ற பட்டறையின் சுவரில், நெடுக்காகப் பிளந்த பளபளக்கும் சாக்கெட் ஒன்று ஆணியில் தொங்கியது. "இது ஏன்?" என்று கேட்டேன். "புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்டுவதற்கு, சார். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். இதைப் பார்த்தால் மறக்கமாட்டார்கள்" என்றார் மெக்கானிக்.

8. சக்கரம் மாற்றும் முறை

சரியான சாக்கெட் கையில் இருந்தாலும், முறை தவறினால் இடர் உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட வேண்டும். ஜாக்கியால் தூக்குமுன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போது, ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கிய பின் பலங்கொண்டு அழுத்தினால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியக்கூடும். மாற்றுச் சக்கரத்தைப் பொருத்தும்போது நட்டுகளை முதலில் விரலால் திருக வேண்டும்; அப்போதுதான் மரை நேராக ஏறுவது கைக்குத் தெரியும். பின்னர் ஒன்றுக்கு எதிரே உள்ளது, அதற்கு அடுத்து மற்றொன்றின் எதிரே உள்ளது எனக் குறுக்காக மாறி மாறி இறுக்க வேண்டும். வண்டியை இறக்கிய பின்னரே இறுதி இறுக்கம்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு என்னும் கைப்பிடி உண்டு. குறைவாக இறுக்கினால் நட்டு ஓட்டத்தில் கழலும். மிகையாக இறுக்கினால் போல்ட்டு நீண்டு வலுவிழக்கும். டார்க் ரெஞ்சு அளந்து இறுக்குவதற்கே. நட்டைத் தளர்த்த அதனைப் பயன்படுத்தினால் அதன் அளவு பிழைபடும்.

9. பெயர் கேட்ட சிறுமி

நான் பட்டறையில் இருந்தபோது, மெக்கானிக்கின் மகள் சாக்கெட்டுகளைத் துணியால் துடைத்து, எண் வரிசையில் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு மாணவி. தந்தை "உன்னீஸ்" என்றால் 19ஐயும், "சௌதா" என்றால் 14ஐயும் பாராமலே எடுத்துக் கொடுத்தாள். நான் தமிழாசிரியர் என்று அறிந்ததும், "சார், கோட்டிக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். முதுகலைத் தமிழ் படித்த எனக்கு விடை தெரியவில்லை. அவள் தந்தையே மறுமொழி கூறினார்: "எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பாக்ஸ் ஸ்பேனர் என்போம், அம்மா. உள்ளே சுருளாக ஓடும் வரிக்கு மரை என்று பெயர். புத்தி தடுமாறியவனை 'மரை கழன்றவன்' என்று உன் பாட்டி திட்டுவாள் அல்லவா? அந்த மரைதான் இது."

சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள். பாட்டியின் வசவுச்சொல்லின் பொருள் அன்றுதான் அவளுக்கு விளங்கிற்று.

புறப்படும்போது, என் காருக்கென ஆறு முனை கொண்ட 19 மி.மீ. சாக்கெட் ஒன்றையும், அரை அங்குல நீண்ட கைப்பிடி ஒன்றையும் அவர் எடுத்து வைத்தார். "ஏறக்குறையப் பொருந்தும் என்ற பேச்சே எங்கள் தொழிலில் கிடையாது, சார். பொருந்தும், இல்லையென்றால் பொருந்தாது" என்றார். மறு ஆண்டு கோடையில் ஊருக்குப் புறப்படுமுன், காரின் பின்பகுதியைத் திறந்து, அக்கருவிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே வண்டியில் ஏறினேன். நீங்களும் உங்கள் தந்தையாரின் வண்டியில் ஸ்பேனர் இருக்கிறதா, அது நட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று இன்றே பாருங்கள்.

சொற்பொருள்

பாகை – கோணத்தை அளக்கும் அலகு
மரை – நட்டிலும் போல்ட்டிலும் சுருளாகச் செல்லும் வரி
மழுங்குதல் – கூர்மை தேய்தல்
திருப்புவிசை – ஒன்றைச் சுழற்றும் விசை
வசவு – திட்டு
சம்மட்டி – பெரிய சுத்தியல்

பயிற்சிகள்

அ. சரியா, தவறா எனக் குறிப்பிடுக.
1. சாக்கெட்டின்மேல் உள்ள மில்லிமீட்டர் எண், போல்ட்டுத் தண்டின் தடிமனைக் குறிக்கும்.
2. துருப்பிடித்த நட்டுக்கு ஆறு முனைச் சாக்கெட் ஏற்றது.
3. கருஞ்சாக்கெட்டைக் கையாலும் பயன்படுத்தலாம்.
4. இறுகிய நட்டைத் தளர்த்த டார்க் ரெஞ்சு உதவும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஆசிரியர் பயன்படுத்திய சாக்கெட்டில் இருந்த குறைகள் இரண்டு யாவை?
2. ஸ்பார்க் பிளக் சாக்கெட்டின் உள்ளே ரப்பர் வளையம் இருப்பது ஏன்?
3. பிளந்த சாக்கெட்டை மெக்கானிக் சுவரில் தொங்கவிட்டது எதற்காக?

இ. கணக்கிட்டு எழுதுக.
1. 5/8 அங்குலம் எத்தனை மில்லிமீட்டர்? அந்நட்டுக்கு 16 மி.மீ. சாக்கெட்டை மாட்டினால் எவ்வளவு தளர்வு இருக்கும்?
2. 120 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தேவைப்படும் நட்டை, 40 செ.மீ. கைப்பிடியால் திருப்ப எவ்வளவு விசை வேண்டும்?

ஈ. விரிவான விடை எழுதுக.
கைவேலைச் சாக்கெட், எந்திரச் சாக்கெட் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

உ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: அளவறிந்து, அறுகோணம், கருஞ்சாக்கெட்.
2. கால், அரை, முக்கால் என்பவை தமிழ்ப் பின்னப் பெயர்கள். 1/8 என்பதை 'அரைக்கால்' என்றும், 3/8 என்பதைக் 'காலே அரைக்கால்' என்றும் நம் முன்னோர் வழங்கினர். 5/8, 7/8 ஆகியவற்றை எவ்வாறு கூறலாம் எனப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

ஊ. செயல்பாடு
உங்கள் தந்தையார், தாயார் அல்லது அண்டை வீட்டார் தம் தொழிலில் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிகளுள் ஐந்தின் பெயர்களை, இங்கே வழங்கும் மொழியிலும் தமிழிலும் கேட்டுப் பட்டியலிடுக. ஒவ்வொரு கருவியும் எதற்குப் பயன்படுகிறது, தவறாகப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதை ஒவ்வொரு தொடரில் எழுதுக.